தேயிலை மலை அட்டையும் அடிவயிற்று நோவும்



இலங்கையின் ஹட்டன், நுவரெலியா மலைகளில் மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலில் சவர்க்காரமோ உப்போ பூசிக்கொண்டு மலைக்கு ஏறுவது எந்த அட்டைக்கு அஞ்சியோ, அந்த அட்டையும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் நோயாளியின் தோலில் கடிக்கவிடும் அட்டையும் ஒரே இனமல்ல. முன்னது ஈர மண்ணிலும் இலையிலும் வாழும் தரை அட்டை. பின்னது நன்னீரில் வாழ்வது. சுசுருத சங்கிதை அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, அவற்றில் ஆறை நஞ்சுடையவை என்று விலக்கியிருப்பதால், கையில் அகப்பட்ட அட்டையை மருந்தாக்குவதை அந்த மரபே ஏற்பதில்லை.

அட்டை விழுந்த பின்னும் கடிவாயில் இரத்தம் மணிக்கணக்காகக் கசிவதற்கு, அதன் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் என்ற புரதம், இரத்தத்தை உறையவைக்கும் த்ரோம்பின் நொதியை முடக்கிவிடுவது ஒரு முக்கிய காரணம். துண்டித்து மீண்டும் பொருத்திய விரல் போன்ற உறுப்புகளில் தேங்கும் இரத்தத்தை வடிக்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004இல் நீர் அட்டைகளுக்கு அனுமதி வழங்கியது. அங்கும் அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா புண்ணில் தொற்றக்கூடும் என்பதால், நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது.

அடிவயிற்று நோவைக் ‘கெட்ட இரத்தம்’ என்று கொண்டு அட்டை விடுவது இந்த மருத்துவப் பயன்பாட்டோடு சேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் கருப்பை வாயிலேயே அட்டை வைத்துப் பார்த்துப் பின்னர் அம்முறையைக் கைவிட்டனர். கருப்பைக் கட்டி, தொற்று, கருப்பை இறக்கம் ஆகியவை வெவ்வேறு காரணங்களால் வருபவை. தோலில் சிறிது இரத்தம் வடிவதால் அவற்றில் எதுவும் மாறுவதில்லை. மாதவிடாயில் ஏற்கெனவே மிகுதியாக இரத்தம் இழந்து, கண்ணிமையின் உட்புறம் வெளிறி, படியேற மூச்சு வாங்கும் பெண்ணுக்கு மேலும் இரத்தம் எடுப்பது கொடுமை.

முழு நாள் கூலியான ‘முழுப் பேர்’ விழுவதற்காகச் சரிவில் கொழுந்துச் சுமையோடு நடக்கும் பெண்ணுக்கு, பிள்ளைப்பேறுகளால் தளர்ந்த இடுப்படித் தசைகள் மேலும் தளர்ந்து கருப்பை கீழிறங்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல அத்தசைகளைச் சில வினாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னல்ட் கெகல் 1948இல் விளக்கினார்; தொடக்கநிலை இறக்கத்துக்கு அது உதவும், முற்றியதற்குக் கருப்பையைத் தாங்கும் வளையமோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படும். வெட்கத்தால் இதை லயக் குடியிருப்புக்குள்ளேயே மறைப்பதுதான் நோயை முற்றவிடுகிறது. ஆகவே, தங்கையே, தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் முதலில் சொல்வதும், மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கு, காய்ச்சலோடு கூடிய நோவு, மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் திடீரென வரும் கடும் வலி ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போவதும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எடுத்துச் சொல்லப்பட வேண்டியவை.