திறந்து மூடும் சன்னல்: பொம்மை வீட்டில் ஓர் அறிவியல் பாடம்

மணலைக் குவித்து, வரம்பு கட்டி, சிறு வீடு அமைத்து விளையாடுவது தமிழகச் சிறுவர் சிறுமியர்க்குப் புதிதன்று. அத்தகைய வீட்டுக்குச் ‘சிற்றில்’ என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவே சிற்றில் இடம் பெற்றுள்ளது. மணல் வீட்டின் இடத்தில் இன்று அட்டையாலும் மரத்துண்டுகளாலும் ஆன பொம்மை வீடுகளைக் காண்கிறோம். நவராத்திரிக் கொலுவிலும் பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் அவை இடம் பெறுகின்றன.

இவ்வீடுகளுள் பெரும்பாலானவற்றில் சன்னல்கள் வண்ணத்தால் வரையப்பட்டிருக்கும். அல்லது காகிதத்தில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். உண்மையாகவே திறந்து மூடும் சன்னலைச் செய்ய முயன்ற மாணவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். அளவு சரியாகவே இருக்கும். ஆனால் கதவு பாதி தூரம் திரும்பியதும் சட்டத்தில் இடித்து நின்றுவிடும். பெரிய வீட்டில் எளிதாகத் திறக்கும் கதவு, சிறிய வீட்டில் ஏன் இறுகுகின்றது? அதற்குரிய விடையைக் காண்போம். பின்னர் சன்னல்களில் பெரியதான ‘பிரெஞ்சுச் சன்னலை’ நாமே செய்து பார்ப்போம்.

காற்று வரும் வழி

‘சன்னல்’ என்னும் சொல் ‘ஜனேலா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்பே தமிழில் சாளரம், பலகணி, காலதர் முதலிய சொற்கள் வழங்கின. இவற்றுள் காலதர் என்பது பொருள் நிறைந்த சொல். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சன்னலின் முதல் வேலை இன்னதென்பதை அப்பெயரே கூறிவிடுகின்றது.

இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஆர்.எஸ்.மங்கலத்தின் பெரிய கண்மாயை நம் வாசகர்களில் சிலர் கண்டிருப்பர். நாரையும் பறந்து கடக்க இயலாத அளவுக்கு 48 மடைகள் கொண்டது அக்கண்மாய் என்று மக்கள் பெருமையாகக் கூறுவர். மடையைத் திறந்து மூடி நீரை ஆள்வது போல, சன்னலைத் திறந்து மூடி வீட்டினுள் காற்றை ஆள்கிறோம். திறக்க இயலாத மடையால் பயன் இல்லை. திறக்க இயலாத சன்னலும் அவ்வாறே.

பிரெஞ்சுச் சன்னல் என்பது தரைவரை நீண்ட, இரட்டைக் கதவுள்ள சன்னல். அதன் வழியே ஆளும் நடந்து செல்லலாம். ஆகவேதான் பிரெஞ்சு மொழியில் அதனைக் ‘கதவுச் சன்னல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்த புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய பழைய வீடுகளில் உயரமான இரட்டைக் கதவுச் சன்னல்களை இன்றும் காணலாம். பல சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சாய்ந்த மரப்பட்டைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. உச்சி வெயிலை அவை தடுக்கும். இடையிலுள்ள சந்துகளின் வழியே காற்றை விடும்.

ஏன் இரட்டைக் கதவு?

சன்னலின் உயரம் 240 செ.மீ., அகலம் 120 செ.மீ. எனக் கொள்வோம். இதனை ஒரே கதவாகச் செய்தால் என்ன? தேக்கு மரம், கனம் 3.6 செ.மீ. என்றால், அக்கதவின் எடை ஏறத்தாழ 68 கிலோகிராம். எடை முழுவதும் கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 60 செ.மீ. தொலைவில், செயற்படுவதாகக் கொள்ளலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 200 செ.மீ. இருப்பின், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கும் கிடைவிசை

68 × 60 ÷ 200 = 20.4 கிலோகிராம் எடை.

இரண்டு கதவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் எடையும் பாதி. நடுப்புள்ளியின் தொலைவும் பாதி. எனவே பிடுங்கும் விசை

34 × 30 ÷ 200 = 5.1 கிலோகிராம் எடை.

அகலத்தைப் பாதியாக்கியதும் ஒவ்வொரு மேல் கீலிலும் இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிட்டது! அகலமான ஒற்றைக் கதவுகள் சில ஆண்டுகளில் முனை தாழ்ந்து தரையில் உரசுவதும், குறுகிய இரட்டைக் கதவுகள் நெடுநாள் உழைப்பதும் இதனாலேயே.

அடிக்கு ஓர் அங்குலம்

பொம்மை வீடு செய்வோர் உலகெங்கும் பெரிதும் கையாளும் அளவுத்திட்டம், அடிக்கு ஓர் அங்குலம் என்பது. அதாவது 1 : 12. புது தில்லியைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான எட்வின் லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், இங்கிலாந்து அரசி மேரிக்காக இதே அளவுத்திட்டத்தில் ஒரு பொம்மை வீட்டை வடிவமைத்தார். 1924இல் நிறைவுற்ற அவ்வீட்டில் மின்விளக்குகள் எரிந்தன, குழாயில் நீர் வந்தது, மின்தூக்கியும் இயங்கியது. அது இப்போது விண்ட்சர் கோட்டையில் உள்ளது.

நம் சன்னலை 12 மடங்கு சிறிதாக்கினால் உயரம் 20 செ.மீ., அகலம் 10 செ.மீ., கதவின் கனம் 3 மி.மீ. ஆகும். எடை என்னவாகும்? அதுவும் 12இல் ஒரு பங்கு என்று எண்ணினால் தவறு. நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றுமே 12 மடங்கு குறைவதால், பருமன் 12 × 12 × 12 = 1728 மடங்கு குறைகின்றது. 34 கிலோகிராம் கதவு, ஏறத்தாழ 20 கிராம் கதவாகிவிடுகின்றது!

ஆனால் கீலின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 12 × 12 = 144 மடங்குதான் குறைகின்றது. எனவே தன் சுமையை ஒப்பிடும்போது சிறிய கீல், பெரிய கீலைவிட 12 மடங்கு வலியது. உருவம் மாறும்போது எடையும் வலிமையும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்ற இவ்வுண்மையைக் கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எறும்பு தன் எடையைப் போல் பல மடங்கு சுமப்பதற்கும், யானைக்குத் தூண் போன்ற கால்கள் தேவைப்படுவதற்கும் இதுவே அடிப்படை.

ஆகவே பொம்மைச் சன்னலுக்கு எடை பகையன்று. பகை வேறிடத்தில் உள்ளது.

இறுகும் இடம் எது?

பெரிய கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே தச்சர் 3 மி.மீ. இடைவெளி விடுவதாகக் கொள்வோம். 12 மடங்கு குறைத்தால் அது 0.25 மி.மீ. ஆகும். நாம் எழுதும் தாளின் கனமே ஏறத்தாழ 0.1 மி.மீ. பெரிய கதவுக்குப் பூசும் வண்ணம் ஒரு பூச்சுக்கு எவ்வளவு கனமோ, சிறிய கதவிலும் அவ்வளவே. வீடு சிறுத்தது, ஆனால் வண்ணப் பூச்சும், பசைத் துளியும், வெட்டுப் பிசிறும் சிறுக்கவில்லை. அவை இடைவெளியை அடைத்துவிடுகின்றன.

மழைக்காலத்தையும் மறக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, இராமநாதபுரம் வட்டாரத்து வீடுகளில் மரக்கதவுகள் இறுகுவதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை மரம் உறிஞ்சிக் குறுக்குவாட்டில் விரிகின்றது. நீளவாட்டில் மிகச் சிறிதே விரியும். அட்டையும் ஈரம் பட்டால் உப்பும்.

இவற்றோடு வடிவியல் காரணம் ஒன்றும் உண்டு. கதவு இடிக்கும்போது, இரு கதவுகளும் சந்திக்கும் நடு விளிம்பைத்தான் பலரும் தேய்ப்பர். கணக்கிட்டுப் பாருங்கள். சுழலும் அச்சிலிருந்து நடு விளிம்பு 47.5 மி.மீ. தொலைவில் உள்ளது, கதவின் கனத்தில் பாதி 1.5 மி.மீ. பிதாகரசு தேற்றத்தின்படி, அச்சிலிருந்து விளிம்பின் மூலை 47.52 மி.மீ. தொலைவில் இருக்கும். வேறுபாடு 0.02 மி.மீ. மட்டுமே! அங்கு இடிப்பதற்கு இடமே இல்லை.

இப்போது அச்சுப் பக்க விளிம்பைப் பாருங்கள். அச்சிலிருந்து விளிம்பு 1.5 மி.மீ.; அதன் மூலையோ 1.5 × 1.414 = 2.12 மி.மீ. கதவு திரும்பும்போது மூலை 0.62 மி.மீ. வெளியே தள்ளிக்கொண்டு வருகின்றது. இடிக்கும் இடம் இதுவே. அவ்விளிம்பை அரைவட்டமாக உருட்டிவிட்டால் மூலையே இல்லை, இடிப்பும் இல்லை.

நம் முன்னோரின் குடுமி

இதனைத் தமிழகத்துத் தச்சர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். கோயில்களிலும் பழைய வீடுகளிலும் பெருங்கதவுகளுக்கு இரும்புக் கீல் இராது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் ‘குடுமி’ என்னும் முளைகள், நிலையிலும் தரையிலும் உள்ள குழிகளில் சுழலும். கதவின் எடை சுவரில் தொங்காமல் கீழ்க்குழியின் வழியே நேராகத் தரைக்குச் சென்றுவிடும். கீலின் திருகாணி கழன்று கதவு தொங்கும் இடர்ப்பாடு இதில் இல்லை. நம் சன்னலுக்கும் குடுமியே ஏற்றது.

செய்முறை

தேவையான பொருள்கள்: 1.5 மி.மீ. கனமுள்ள கெட்டி அட்டை, குண்டூசிகள் 4, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், எழுதித் தீர்ந்த ரீஃபில் குழாய், மரப்பசை, உப்புத்தாள், இரும்பு அளவுகோல், கூரிய கத்தி, குறடு.

1. அட்டையில் 198 மி.மீ. × 49 மி.மீ. அளவில் நான்கு துண்டுகள் வெட்டுக. ஒவ்வொன்றிலும் சுற்றிலும் 8 மி.மீ. விட்டு நடுப்பகுதியை வெட்டி நீக்குக. நான்கு சட்டங்கள் கிடைக்கும்.

2. குண்டூசிகளின் தலையைக் குறட்டால் வெட்டுக. வெட்டும்போது ஊசியைத் துணியால் மூடிக்கொள்க. இல்லையேல் துண்டு தெறித்துக் கண்ணில் படலாம்.

3. ஒரு சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை வைக்க. தாள் சட்டத்தின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 4 மி.மீ. உள்ளடங்கி இருக்கட்டும். அச்சுப் பக்க விளிம்பிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி, மேலும் கீழும் ஒவ்வோர் ஊசியை 4 மி.மீ. வெளியே நீட்டுமாறு கிடத்துக. ஊசியை அழுத்திச் சிறு பள்ளம் உண்டாக்கிக்கொள்க. பசை தடவி இரண்டாம் சட்டத்தை மேலே ஒட்டுக. கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைக்க. மற்றக் கதவையும் இவ்வாறே செய்க. ஊசிகளே நம் குடுமிகள்.

4. அச்சுப் பக்க விளிம்பை உப்புத்தாளால் அரைவட்டமாகத் தேய்க்க.

5. இரண்டு அட்டைகளை ஒட்டி 3 மி.மீ. கனமாக்கி, மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் செய்க. சன்னலின் உள் அகலம் 100 மி.மீ. என்று குறித்து, அதன் இரு முனைகளிலிருந்தும் 2 மி.மீ. உள்ளே துளையிடுக. மேல், கீழ்ச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே குத்தில் துளையிட்டால்தான் துளைகள் நேர்கோட்டில் அமையும்.

6. ரீஃபில் குழாயிலிருந்து 1 மி.மீ. அகலமுள்ள வளையங்கள் வெட்டிக் கீழ்க் குடுமிகளில் கோக்க. கதவு சட்டத்தில் உரசாமல் இவை தாங்கும். கதவுகளைக் கீழ்த்துளைகளில் நிறுத்தி, மேல் சட்டத்தை மேலிருந்து பொருத்தி, 200 மி.மீ. உயரமுள்ள பக்கச் சட்டங்களை ஒட்டுக.

கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே அச்சுப் பக்கத்தில் 0.5 மி.மீ., நடுவில் 1 மி.மீ. இடைவெளி இருக்கும். அளவுத்திட்டம் கூறுவதைவிட இது மிகுதி. பூச்சுக்கும் ஈரத்துக்கும் நாம் அறிந்தே விட்ட இடம் அது. வண்ணம் பூசுவதாயின், அச்சுப் பக்க விளிம்பில் மட்டும் பூசாதீர்.

சுவரில் சன்னலைப் பொருத்தும்போது அச்சு செங்குத்தாக உள்ளதா எனப் பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல, நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும். அச்சு சாய்ந்திருந்தால், தன் நடுப்புள்ளி மிகத் தாழும் நிலைக்குக் கதவு தானே திரும்பும். தானே திறக்கும் கதவில் பேய் இல்லை, புவியீர்ப்பே உள்ளது.

ஒரு சோதனை

சன்னல் பொருத்திய பொம்மை அறையை மற்ற எல்லாப் பக்கமும் மூடுங்கள். உள்ளே ஒரு தம்ளரில் சூடான நீர் வைத்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள். விளக்கோ மெழுகுவத்தியோ வேண்டா, அட்டை தீப்பற்றும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் புகையும் ஊதுவத்தியைச் சன்னலின் அடியருகே பிடித்தால் புகை உள்ளே செல்லும். மேல் விளிம்பருகே பிடித்தால் வெளியே தள்ளப்படும். சூடான காற்று இலேசாகி மேல்வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழியே நுழைகின்றது. இதுவே வெப்பச்சலனம். உயரமான சன்னலில், வரும் வழிக்கும் போகும் வழிக்கும் இடையே உயர வேறுபாடு மிகுதி. ஆகவே காற்று வீசாத வேளையிலும் ஓட்டம் நன்றாக நடைபெறும்.

புயலும் தாழ்ப்பாளும்

பெரிய சன்னலில் ஓர் ஆபத்தும் உண்டு. 1964 டிசம்பர் 22–23இல் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் கடற்கரை மக்கள் மறக்கவில்லை. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், வீசும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 540 நியூட்டன் அழுத்தம் தரும். நம் பெரிய சன்னலின் பரப்பு 2.88 சதுர மீட்டர். அதன்மீது விழும் விசை ஏறத்தாழ 1,550 நியூட்டன். 150 கிலோகிராம் எடைக்கும் மிகுதி! நடுவில் மட்டும் ஒரு கொண்டி போட்டால், பிடிப்பில்லாத மேல் முனையும் கீழ் முனையும் உட்புறமாக வளையும். கொண்டி பெயர்ந்தால் கதவு முழுவதும் அறைந்து திறக்கும். எனவே பிரெஞ்சுச் சன்னல்களில், ஒரே பிடியைத் திருப்பியதும் மேல் சட்டத்திலும் தரையிலும் ஒருங்கே பதியும் நீண்ட கம்பித் தாழ்ப்பாள் அமைப்பர். கடலோர ஊர்களில் பெரிய சன்னல் வைப்போர், சன்னலின் அழகுக்கு முன் தாழ்ப்பாளின் உறுதியைப் பார்க்க வேண்டும்.

சிந்தனைக்கு

1. நம் சன்னலை 1 : 24 அளவுத்திட்டத்தில் செய்தால், தேக்கில் ஒரு கதவின் எடை எவ்வளவு?

2. கதவின் கனம் 4 மி.மீ., அச்சு விளிம்பிலிருந்து 2 மி.மீ. எனில், அச்சுப் பக்க மூலை எவ்வளவு வெளியே தள்ளும்?

3. காற்றின் வேகம் இரு மடங்கானால், சன்னலின்மீது விழும் விசை எத்தனை மடங்காகும்?

4. உங்கள் வீட்டில் மழைக்காலத்தில் இறுகும் கதவு எது? அது கீல் பக்கத்தில் உரசுகின்றதா, எதிர்ப் பக்கத்தில் உரசுகின்றதா? அளந்து குறித்து வைத்து, கோடையில் மீண்டும் அளந்து பாருங்கள்.

(விடைகள்: 1. ஏறத்தாழ 2.5 கிராம். 2. ஏறத்தாழ 0.83 மி.மீ. 3. நான்கு மடங்கு.)