ஏலம் போன கண்டி மன்னனின் ஆபரணங்கள்

கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட, நாயக்கர் வம்சத்துக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட அவன் 1832இல் அங்கேயே காலமானான். அவனது ஆபரணங்களோ இலண்டன் சென்று, 1820 யூன் மாதத்தில் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. கல்லைப் பெயர்த்துப் பொன்னை உருக்கிவிட்டால் பிறகு அடையாளம் ஏது?

ஏலத்துக்குப் போகாத சிம்மாசனத்தின் கதை வேறு. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கிய அது, வின்ட்சர் மாளிகையில் நெடுங்காலம் இருந்து 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லும் அடியார்கள் அதைப் பார்க்கலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற லெவ்கே பீரங்கியும், 258 ஆண்டுகள் கழித்து, 2023இல் தாயகம் வந்து சேர்ந்தது.