வீட்டு வாசலில் காருக்குப் பெயிண்ட்: புதிதாக இறங்குவோருக்குப் பத்து அறிவுரைகள்

மாருதி 800 முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பலவற்றில் என்ஜினுக்கு ஒரு குறையும் இருக்காது, பெயிண்ட் மட்டும் வெயிலில் செத்திருக்கும். பட்டறையில் கேட்டால், வண்டி விற்கிற விலையில் பாதியைக் கூலியாகச் சொல்வார்கள். “நாமே அடித்தால் என்ன?” என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இதுதான்: தாராளமாக அடிக்கலாம். கூலியை மிச்சப்படுத்தலாம், வேலையை மிச்சப்படுத்த முடியாது.

1. முதலில், பெயிண்ட் தேவையா என்று பார். பானெட்டில் ஒரு சாண் இடத்தைக் கழுவித் துடைத்து, ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய். துணியில் சுண்ணாம்பு போல வெளுத்த நிறம் ஒட்டிக்கொண்டு, அடியில் பளபளப்பு தெரிந்தால் உனக்கு வேண்டியது பாலிஷ்தான். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தாலோ, துரு கிளம்பியிருந்தாலோ மட்டும் பெயிண்டில் இறங்கு.

2. நிறத்தை மாற்றாதே. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையை ஆசைக்குக்கூட அடிக்காதே, மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கென்று ஒதுக்கியிருக்கின்றன. அதே நிறம் என்றால் கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உட்புறம், என்ஜின் அறை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம், பாதி வேலை குறையும். வண்டியின் பெயிண்ட் குறியீட்டைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போ. மாருதியின் சுப்பீரியர் வெள்ளைக்கு 26யூ. வெள்ளை, சிவப்பு போன்ற சாதா நிறங்கள் கற்றுக்குட்டியை மன்னிக்கும். மெட்டாலிக் மன்னிக்காது, திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

3. பெயிண்டைத் தெரிந்து வாங்கு. பி.யூ. (பாலியூரித்தேன்) நன்றாக உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். காற்று தனியாக வரும் முகமூடி இல்லாமல் தொடக்கூடாத சரக்கு, வீட்டுக்கு வேண்டாம். சிந்தடிக் எனாமல் மலிவு, ஆனால் மணிக்கணக்கில் பிசுபிசுப்பாக நிற்கும், தெருத்தூசியும் கொசுவும் வந்து ஒட்டும். கற்றுக்கொள்பவனுக்கு ஏற்றது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்). சட்டென்று காயும், தப்பாக விழுந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஒரு எச்சரிக்கை: பழைய எனாமல் மேல் என்.சி. அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். கண்ணில் படாத மூலையில் தின்னர் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டி வைத்துப் பார். அடியில் இருப்பது சுருக்கம் விட்டால் அதை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

4. துருவோடு சமாதானம் பேசாதே. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, பேட்டரித் தட்டின் அடி – இவை மூன்றையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார். உள்ளே போனால் அது வெல்டிங் வேலை, பட்டி வைத்து மூடினால் அடுத்த மழைக்குக் கொப்புளமாக எழும். மேல்துரு மட்டும் என்றால் 80 நம்பர் தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடி. கடலோர ஊர்க்காரர்கள் ஒரு இரவுகூட வெறும் தகட்டை விட்டுவைக்கக் கூடாது.

5. கழுவிவிட்டுத் தேய், தேய்த்துவிட்டுக் கழுவாதே. டேஷ்போர்டு பாலிஷிலும் டயர் பாலிஷிலும் உள்ள சிலிகோன் பாடியில் ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயிண்ட் அந்த இடத்தில் நிற்காமல் விலகி, குழி குழியாக விழும்.

6. பட்டி மெல்லிசாக இருக்கட்டும். எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் போதும். நிறம் ஒரே சீராகும்வரை குழை. நம் வெயிலுக்குப் பத்து நிமிடத்தில் இறுகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கல. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வைக்க வேண்டியிருந்தால் முதலில் டிங்கர் கையில் கொடுத்துத் தட்டி எடு. பட்டி நீரைக் குடிக்கும், அதனால் அதை உலர்வாகவே தேய்: முதலில் 120, பிறகு 240. தாளை விரலால் பிடிக்காமல் தட்டையான கட்டையில் சுற்றிப் பிடி.

7. தேய்த்த பட்டிக்கு மேல் பிரைமர் அடி. அது காய்ந்ததும் கறுப்பு ஸ்பிரேயை எட்ட நின்று லேசாகத் தூவு, மேலே புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். பிறகு கட்டையில் சுற்றிய 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய். மேடான இடத்தில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். நீ கண்ணால் பார்த்து “சமம்” என்று சத்தியம் செய்த கதவில் உள்ளங்கை அளவு கறுப்பு வட்டம் தெரியும். அங்கே மறுபடி பட்டி. இந்த ஒரு வேலையைத் தாண்டிக் குதிப்பவர்களின் வண்டிதான் சாயங்கால வெயிலில் அலை அலையாகத் தெரியும். வட்டம் எதுவும் மிஞ்சாதபோது 800 நம்பர் தாளால் முடி.

8. நாள் பார்த்து அடி. ஆடியில் காற்றும் தூசியும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம். ஈரக்காற்றில் என்.சி. பூத்து வெளுத்துவிடும். மாசி, பங்குனியில் பனி விலகிய காலை நேரம் நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கு. கண்ணாடியையும் விளக்கையும் செய்தித்தாள் வைத்து மாஸ்கிங் டேப்பால் மூடு. கழற்ற முடிந்த பம்பர், கைப்பிடி, பீடிங்கை மூடுவதைவிடக் கழற்றிவிடு.

9. உயிரில் சிக்கனம் வேண்டாம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, பீடி எதுவும் கூடாது. கம்ப்ரசரைத் தள்ளி வை. அதை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கே கிடைக்கும். தொட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்கு.

10. அடிக்கும்போது மணிக்கட்டை ஆட்டாதே, கை முழுவதும் நகரட்டும். ஸ்பிரே கன் ஒரு சாண் தூரத்தில், தகட்டுக்கு நேராக இருக்க வேண்டும். ஓட்டம் தொடங்கிய பிறகு டிரிகரை அழுத்து, முடியுமுன் விடு. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்தால் வழியும். மெல்லிய பூச்சாக நாலைந்து, நடுவே பத்து நிமிட இடைவெளி. வாங்கிய பெயிண்ட் முழுவதையும் ஒரே வாளியில் கலந்து, வடிகட்டிய பிறகு தொடங்கு. டப்பாவுக்கு டப்பா நிறம் மாறும். சில நாள் காயவிட்டு, 2000 நம்பர் தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போடு. ஒரு மாதத்துக்கு வாக்ஸ் வேண்டாம்.

பத்தையும் ஒரே மூச்சில் வண்டி முழுக்கச் செய்யாதே. காயலான் கடையில் ஒரு பழைய கதவு வாங்கி, தொடக்கம் முதல் பாலிஷ் வரை அதில் செய்து பார். கதவு சரியாக வந்தால் கார் வரும். வராவிட்டால், தேய்க்கும் வேலையை மட்டும் நீ முடித்து, அடிக்கும் வேலையைப் பெயிண்டரிடம் கொடு. செலவில் பெரும்பகுதி தேய்க்கும் கூலிதான். அப்போதும் உனக்கு லாபமே.