எண்கள் சொல்லும் சாட்சியம்

சிலரை ஆராய்ந்து பலரைப் பற்றி முடிவுரைப்பது உளவியல் ஆய்வாளர் பணி. அம்முடிவு தற்செயலாய் வந்ததன்று என்று எவ்வாறு துணிவது? இவ்வினாவுக்கு விடை தேடுவதே உய்த்துணர் புள்ளியியல்.

ரொனால்டு ஃபிஷர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எளிய சோதனை ஒன்றை விளக்குகிறார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா எனச் சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. வகைக்கு 4 ஆக 8 கோப்பைகள் கலந்து வைக்கப்படுகின்றன. பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும். அவருக்கு அத்திறன் இல்லை என்று கொண்டு தொடங்குவதே இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கைத் தேரும் வழிகள் 70. ஆகவே நான்கும் தற்செயலாய்ச் சரியாக அமையும் வாய்ப்பு 70இல் 1, அதாவது 0.014. மூன்றேனும் சரியாக அமைய 70இல் 17, அதாவது 0.24. ஆய்வுலகின் வழக்கமான எல்லை 0.05. எனவே முன்னது சான்றாகும், பின்னது ஆகாது.

எச்சோதனையைத் தேர்வது? தரவின் இயல்பே வழிகாட்டும். இரு தனிக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிட டி சோதனை; ஒரே மாணவரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தால் இணை டி சோதனை; மூன்று அல்லது மேற்பட்ட குழுக்களுக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு; தரவரிசைகளாயின் மான்–விட்னி சோதனை; எண்ணிக்கைகளாயின் கை வர்க்கச் சோதனை. அவ்வெண்ணிக்கை தேநீர்க் கோப்பைகள் போல் மிகச் சிறிதாயின் ஃபிஷரின் துல்லியச் சோதனையே தக்கது.

முடிவை விளக்கும்போதுதான் பலர் வழுக்குகின்றனர். 0.03 என வந்தால், இன்மைக் கருதுகோள் மெய்யாயிருக்க 3 விழுக்காடே வாய்ப்பு என்பர். அது பிழை. அக்கருதுகோள் மெய்யெனக் கொண்டால், கண்ட அளவோ அதனினும் மிகுந்த அளவோ வேறுபாடு தோன்ற 3 விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். 'பொருளுடையது' என்னும் கலைச்சொல்லும் மயக்கம் தருவது. பொருளுடைய வேறுபாடு பெரிய வேறுபாடாக இருக்க வேண்டுவதில்லை. ஆதலின் விளைவின் அளவையும் உடன் கூறுதல் வேண்டும். 0.05ஐ மிஞ்சியதனால் வேறுபாடே இல்லை என நிறுவப்பட்டதாகவும் கொள்ளலாகாது.

இப்பிழைகளின் விலை சிறிதன்று. 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் நடத்திப் பார்த்த முடிவுகள் 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு பொருளுடைய முடிவு தந்திருந்தன. மறு ஆய்வுகளிலோ 36 விழுக்காடே தந்தன. ஆய்வுக்கு எடுத்தோர் தொகை சிறிதாயிருத்தலும், விரும்பிய விடை வரும்வரை சோதனையை மாற்றுதலும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

சோதனை என்பது ஒரு சாட்சி. விடையைக் கண்டபின் சாட்சியை மாற்றுதல் அறமன்று. ஆதலின் தரவு திரட்டுமுன்பே சோதனையைத் தேர்ந்து எழுதி வைத்தல் வேண்டும். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாத சாட்சியே நம்பத்தக்கது. ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் இதனை நெஞ்சில் இருத்துவாராக!