தாவர நூல் வல்லார் ரிச்சர்டு ஸ்புரூஸ்

இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயர் பகுதியில் ஒரு பள்ளியாசிரியருக்கு மகனாய் 1817-ஆம் ஆண்டு பிறந்தவர் ரிச்சர்டு ஸ்புரூஸ். இளமை முதலே பாசியினங்களை ஆராய்வதிற் பேரவா உடையராயிருந்தார். 1849-இல் தென் அமெரிக்கா சென்று, 15 ஆண்டுகள் அமேசான் நதிக்கரைகளிலும் ஆண்டிஸ் மலைச்சாரல்களிலும் அலைந்து தாவரங்களைச் சேகரித்தார்.

1860-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருடைய முதுகும் கால்களும் செயலற்றன. ஆயினும் அவ்வாண்டே அவர் சிம்பொராசோ மலையடிவாரக் காடுகளை அடைந்து, குளிர்சுரத்திற்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தின் விதைகளைச் சுமார் 1,00,000 வரை திரட்டினார். ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்கலை வல்லார் அவருக்குத் துணை நின்று நாற்றுகளை வளர்த்தார். அவ்விதைகளினின்று எழுந்த கன்றுகள் கடல் கடந்து நம் நீலகிரியிற் செழித்தன.

அடுத்த ஆண்டிலோ, குவாயகில் நகரத்து வணிக நிலையமொன்று முறிந்தமையால், அவர் சேமித்த பொருள் யாவும் அழிந்தது. 1864-இல் தாயகம் மீண்ட அவர், சிறு உபகாரச் சம்பளத்தைக்கொண்டு எளிய குடிலில் வாழ்ந்தார். நோயுற்ற உடலோடு தாம் கண்ட பாசியினங்களைக் குறித்துப் பெருநூல் இயற்றி, 1893-இல் காலமானார். அவருடைய பயணக் குறிப்புகளை நண்பர் வாலஸ் 1908-இல் பதிப்பித்தார்.

மாணவ நண்பர்காள்! மருந்துண்டு பிழைத்தோர் எண்ணிலர். விதை தேடித் தந்தவரை அறிந்தோர் மிகச் சிலரே. பயன் பிறர்க்காக, உழைப்புத் தமக்காக என்று வாழ்ந்த இப்பெரியாரை நாம் மறவாதிருப்போமாக.