பெட்டியின் அடியில் இருக்கும் எழுத்து

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் ‘திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம்’ என்று ஒரு சமன்பாடு வருகிறது. பெரும்பாலும் அதை ஒரு மதிப்பெண் வினாவாக எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். இரும்பையில் என் வகுப்பில் இந்த ஆண்டு இரண்டு பாடவேளை அதிலேயே நின்றோம். காரணம் ஒரு பல்பு.

மாணவர் ஒருவரின் அண்ணன் புதுச்சேரியில் வாங்கிவந்த வைஃபை பல்பு அது. ‘எல்லா வைஃபையிலும் இயங்கும்’ என்று பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டு ரூட்டரோடு அது இணையவே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். போன பணத்தைவிட என்னை உறுத்தியது அந்த மாணவர் சொன்னதுதான்: “எங்களுக்குத்தான் சார் மாட்டத் தெரியல.”

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அடிப்பக்கத்தில் கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில், ‘2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்’ என்று இருந்தது. வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இயக்கத்தில் இருந்திருக்கிறது. இங்கேதான் சமன்பாடு உதவிக்கு வந்தது. அலையின் திசைவேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 240 கோடியால் வகுத்தால் 12.5 செ.மீ.; 500 கோடியால் வகுத்தால் 6 செ.மீ. பிள்ளைகள் அளவுகோலை வைத்து இரண்டு நீளங்களையும் மேசையில் சாக்பீஸால் வரைந்தார்கள். ஒன்றைப் பிடிக்கச் செய்யப்பட்ட கருவி மற்றதைப் பிடிக்காது. வானொலியில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நிலையத்தைக் கேட்க முடியாது அல்லவா, அதுபோல. விலை குறைவு, சுவரைத் தாண்டிச் செல்லும் திறன் கூடுதல் என்பதால் இத்தகைய பல்புகளில் பெரும்பாலும் 2.4 மட்டுமே இருக்கிறது. அதில் தவறில்லை. அதை அடிப்பக்கத்தில் ஒளித்துவைத்ததுதான் தவறு. ரூட்டரில் 2.4ஐயும் இயக்கியதும் பல்பு எரிந்தது. அந்த ஒரு வரி முகப்பில் இருந்திருந்தால் அண்ணன் இரண்டாம் முறை பேருந்து ஏறியிருக்க வேண்டாம்.

பிறகு ரூட்டர் பெட்டிகளும் வரத் தொடங்கின. ‘ஏசி 1200’ என்ற எண்ணைக் கணித வேளையில் எடுத்துக்கொண்டோம். 2.4இல் 300 மெகாபிட், 5இல் 867 மெகாபிட். கூட்டினால் 1167, அதை முழுமையாக்கி 1200 என்கிறார்கள். ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை அதற்குக் கிடைக்காது. போதாக்குறைக்கு, இவ்வகை ரூட்டர்கள் பலவற்றில் கம்பி நுழையும் துளையின் வேகமே 100 மெகாபிட்தான். அரை அங்குலக் குழாயில் நீர் வரும் தொட்டிக்கு எத்தனை திருகுகுழாய் வைத்தால் என்ன? 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதையும் சேர்த்துச் சொன்னால், 300 மெகாபிட் 37.5 மெகாபைட்டாகச் சுருங்குவதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். ‘300 வரை’ என்பதில் உள்ள ‘வரை’ தனியே ஒரு மொழிப்பாடம். 3 மெகாபிட்டும் அதற்குள் அடக்கம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. 2012இல் ஆப்பிள் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஐபேடை ‘வைஃபை + 4ஜி’ என்ற பெயரில் விற்றது. அங்கிருந்த டெல்ஸ்ட்ராவின் 4ஜி 1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அந்தக் கருவியோ 700, 2100 ஆகிய இரண்டை மட்டுமே அறியும். நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர, நீதிமன்றம் 22.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெயரில் இருந்த இரண்டு எழுத்துக்கு விலை அது.

நம் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விளம்பரம் என்பது தொலைக்காட்சியில் வருவது மட்டுமன்று. பொருளின் மேலுள்ள சீட்டும் உறையும்கூட விளம்பரமே. (ஒளி, ஒலி, புகை என்றெல்லாம் அந்த வரையறை நீளும், பிள்ளைகள் புகைக்குச் சிரித்தார்கள்.) முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கின்றன 2022 ஜூனில் வந்த நெறிமுறைகள்.

தொடக்க வகுப்புகளுக்குப் பல்பு வேண்டாம், பிஸ்கட் உறையே போதும். நட்சத்திரக் குறி எங்கே இருக்கிறது, அதன் விளக்கம் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழில் தரமற்ற உணவு குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. தமிழாசிரியரிடம் பேசி, உணவுக்குப் பதில் பல்பை வைத்து எழுதச் சொன்னோம். முதல் படியில் பாதிப் பேர் ‘நாங்கள் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டோம்’ என்று தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் படியில் அந்த வரியை அடித்துவிட்டு, முகப்பில் இருந்த வாசகத்தையும் அடியில் இருந்த வாசகத்தையும் மேலும் கீழுமாக எழுதினார்கள். இணைப்பு: விலைச்சீட்டின் நகல், பெட்டியின் ஒளிப்படம் இரண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அண்ணனுக்காகத் தனித்தாளில் குறித்துக்கொடுத்தோம்.