4 ஏன் கூடாது?

ரமணாசிரமம் பகுதி,
திருவண்ணாமலை.

அன்புள்ள பாப்பா,

கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வுக்காகத் தினமும் நாற்பது கணக்குப் போடுகிறாய் என்று உன் அப்பா பெருமையாகச் சொன்னான். பத்து நிமிடத்தில் வராவிட்டால் பின்பக்கத்து விடையைப் பார்த்துவிடுகிறாயாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தேர்வில் 30 கேள்வி, மூன்று மணி நேரம். விடை எதுவானாலும் 00 முதல் 99 வரையிலான ஓர் எண். எண் சரியென்றால் மார்க். எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள். அதைத் தாண்டி அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ.வுக்குப் போனால் அதே மூன்று மணி நேரத்துக்கு ஆறே கேள்விகள். அங்கே ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுத வேண்டும். விடை பார்த்துப் பழகிய கை அங்கே ஓடாது.

விடையோடு நின்றுவிடாத ஒரு கணக்கின் கதையைச் சொல்கிறேன். பகவான் ரமணர் 1896இல் அண்ணாமலைக்கு வரும் வழியில் கடந்த ஊர் திருக்கோவிலூர். 1910இல் அதே ஊருக்கு இராமானுஜன் வேலை கேட்டு, தன் கணித நோட்டுகளோடு போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்தவர், இந்தப் பிள்ளையைக் குமாஸ்தா வேலையில் முடக்க மனமில்லாமல், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். எவ்வளவு பெரிய மனசு! அடுத்த ஆண்டு அந்தக் கழகத்தின் இதழில் இராமானுஜன் ஒரு கணக்கு விடுத்தார்:

√(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு?

மாதங்கள் போயும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

3 என்பது √9. 9 = 1+2×4. அந்த 4 என்பது √16; 16 = 1+3×5. அந்த 5 என்பது √25; 25 = 1+4×6. இப்படியே போகலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். நீ மூடாதே. 3க்குப் பதில் 4-இல் தொடங்கு. 16 = 1+2×7.5. அந்த 7.5-இன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18.4. அதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து 4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 84.5. இதையும் முடிவில்லாமல் நீட்டலாம். அப்படியானால் விடை 4 என்று ஏன் சொல்லக்கூடாது? எனக்குப் பிடித்த கணக்கு இதுதான், இராமானுஜன் கேட்டதற்கு அடுத்த கணக்கு. 4, 5, 6 ஒரு வரிசை, 7.5, 18.4, 84.5 இன்னொரு வரிசை. இரண்டும் எப்படி வளர்கின்றன என்று பார். இதற்குமேல் சொல்லமாட்டேன்.

நாளுக்கு இரண்டு கணக்குப் போதும். வராததை மூன்று நாள் கையில் வைத்திரு. சின்ன எண்களில் போட்டுப் பார், படம் வரை. வந்ததை முழு வாக்கியங்களில் எழுது. பழைய வினாத்தாள்களை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமே இணையத்தில் போட்டிருக்கிறது; புதுப் புத்தகம் வாங்க வேண்டாம்.

வெளியே நடக்கும்போதும் கணக்குக் கிடைக்கும். கிரிவலப் பாதை 14 கி.மீ., அதில் எட்டு லிங்கங்கள். அடுத்தடுத்த ஏதோ இரண்டுக்கு நடுவே தூரம் 1.75 கி.மீ.க்கு மிகாது என்று அளக்காமலே நிரூபி.

4 ஏன் கூடாது என்று எழுதியதை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, அரைகுறையாக இருந்தாலும் சரி. ஆசிரமத்தில் மாலைப் பாராயணம் முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா